கிட் பதிவுகளில் அவரவர் விரும்பும் பெயர் வரச் செய்வது எப்படி?

செட்டிநாட்டில் பெயர் மாறுவது புதிதில்லை. நகரத்தார் வீடுகளில் முன்னெழுத்தே இரண்டு மூன்று வரும், பிள்ளை கூட்டினால், அதாவது சுவீகாரம் எடுத்தால், அது மாறும், சில சமயம் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர் சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார், எழுத வந்தபோது கண்ணதாசன் என்று தானே வைத்துக்கொண்டார், ஊரும் உலகமும் அவரை அப்படியே அழைக்கிறது. காரைக்குடியிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றியவர், திருநங்கையாகவோ திருநம்பியாகவோ புதுப்பெயரில் வாழ்பவர், புனைபெயரில் மட்டும் இயங்க விரும்புபவர், யார் கேட்டாலும் காரணமோ அடையாள அட்டையோ கேட்காதீர்கள். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், அதையும் தனியாகக் கேளுங்கள்.

சரி, எங்கே மாற்றுவது? கிட் என்பது நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கருவி, அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஒரு கமிட்டில் எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் அதன் ஹாஷுக்குள்ளேயே, அதாவது அந்தக் கமிட்டை அடையாளம் காட்டும் குறியீட்டுக்குள்ளேயே, சேர்ந்துவிடும். பெயரைத் திருத்தினால் அந்த ஹாஷ் மாறும், அதற்குப் பின்னால் வந்த எல்லாமும் மாறும். அதனால் முதலில், பதிவைத் தொடாமல் காட்டும் பெயரை மட்டும் மாற்றும் மெயில்மேப் கோப்பைக் கையில் எடுங்கள். திட்டத்தின் மேல் அடைவில், கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த (.mailmap) சின்ன உரைக்கோப்பு அது. ஆளுக்கு ஒரு வரி போதும், முகவரி என்பது மின்னஞ்சல் முகவரி:

வள்ளியம்மை ராம. <புதிய முகவரி> <பழைய முகவரி>

இதில் பழைய பெயர் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? பழைய பெயரையும் எழுதும் வடிவம் ஒன்று உண்டு, ஆனால் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்திருந்தால் தவிர அது தேவைப்படாது. மறக்க நினைக்கும் பெயரைப் புதுப்பெயருக்குப் பக்கத்திலேயே எல்லோரும் படிக்கும்படி எழுதி வைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். பழைய முகவரியிலேயே பழைய பெயர் இருந்தால் இந்த வரி வேண்டுமா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கமிட் குறிப்பிலும் "இன்னார் இன்னாராக மாறினார்" என்று எழுதாதீர்கள், "மெயில்மேப் புதுப்பிப்பு" என்றால் போதும்.

யார் எத்தனை கமிட் எழுதினார் என்று தொகுக்கும் கிட் ஷார்ட்லாக், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் இரண்டும் இந்தக் கோப்பைத் தானாகவே பார்க்கும். கமிட்டுகளை வரிசையாகக் காட்டும் கிட் லாக் 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இயல்பாகவே பார்க்கிறது. நீங்களே எழுதிய வெளியீட்டு ஸ்கிரிப்டில்தான் அடிக்கடி பழைய பெயர் தலைகாட்டும்: பெயருக்கான குறியீட்டில் சின்ன n (%an) போட்டால் பதிவில் இருப்பது அப்படியே வரும், பெரிய N (%aN) போட்டால்தான் மெயில்மேப் வழியாக வரும். கிட் திட்டங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தின் கமிட் பக்கங்கள் மெயில்மேப்பைப் பார்ப்பதில்லை. பழைய முகவரியைத் தன் கணக்கில் சேர்த்து வைக்கச் சொன்னால் அங்கே கணக்கின் பெயர் காட்டும்.

அப்புறம் ஆசிரியர் பட்டியல், உரிமக் குறிப்பு, ஆவணப் பக்கங்கள், மென்பொருளை எப்படி மேற்கோள் காட்டுவது என்று சொல்லும் மேற்கோள் கோப்பு எல்லாவற்றிலும் பழைய பெயரைத் தேடுங்கள். மேற்கோள் கோப்பில் குடும்பப்பெயர் என்று ஒரு புலம் இருக்கும், நம்மவர்களின் முன்னெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை அதில் திணிக்க வேண்டாம், அவர் எழுதித் தந்தது எப்படியோ அப்படியே போடுங்கள்.

பழைய பெயர் தெரிந்தால் ஆபத்து என்று ஒருவர் சொன்னால் வரலாற்றையே திருத்தலாம். பழைய கமிட்டுகளை மொத்தமாகத் திருத்தி எழுதும் ஃபில்டர்-ரெப்போ கருவி மெயில்மேப்பை வைத்தே அதைச் செய்துவிடும். ஆனால் மின்கையொப்பமிட்ட கமிட்டுகளும் டேகுகளும் (கமிட்டுகளுக்கு இட்ட பெயர்க்குறிகள்) செல்லாமல் போகும், எல்லோரும் புதிதாக நகலெடுக்க வேண்டும், மற்றவர்களின் ஃபோர்க்குகளில், அதாவது அவர்கள் எடுத்து வைத்த தனி நகல்களில், பழையது தங்கிவிடும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, பிறகும் அவர் வேண்டும் என்றால் செய்யுங்கள்.

இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று கமிட் குறிப்பின் கடைசியில் ஒப்பும் சைன்ட்-ஆஃப் வரிக்குச் சட்டப்பெயர்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை உருவாக்குபவர்களைக் காட்டுங்கள். "உண்மைப் பெயர்" என்றிருந்த விதியை 2023இல் அவர்களே "அறியப்பட்ட அடையாளம்" என்று தளர்த்திவிட்டார்கள்.