‘ஒரு வட்டி’ உண்மையில் எத்தனை சதவீதம்? எக்செலில் கடன் தவணைக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ‘ஒரு வட்டிக்குக் கடன்’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வங்கி அதையே ஆண்டுக்கு 12 சதவீதம் என்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் எக்செலைத் திறந்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் வழி இதேதான்.

பழைய வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க 2 லட்ச ரூபாய் கடன், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். பி1 (B1) கட்டத்தில் 200000, பி2-இல் 12%, பி3-இல் 24 என்று அடியுங்கள். பக்கத்து ஏ வரிசையில் அசல், ஆண்டு வட்டி, மாதங்கள் என்று பெயரும் எழுதிவையுங்கள். சதவீதக் குறி மிக முக்கியம். வெறும் 12 என்று அடித்தால் அது 1200 சதவீதமாகிவிடும். மாதம் இரண்டு லட்சம் கட்டு என்று எக்செல் கூசாமல் சொல்லும்.

பி4-இல் இந்தச் சூத்திரம் (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்; பிஎம்டி என்பது PMT, மாதத் தவணையைக் கணக்கிடும் கட்டளை):

=பிஎம்டி(பி2/12, பி3, -பி1)

விடை 9,414.69. ஆண்டு வட்டியை மாத வட்டியாக்கத்தான் 12-ஆல் வகுக்கிறோம். அசலுக்கு முன்னுள்ள கழித்தல் குறியை விட்டால் தவணை கழித்தல் எண்ணாக வரும், தொகை மாறாது. பி5-இல் =பி4*பி3-பி1 என்று போட்டால் மொத்த வட்டி: ஏறத்தாழ 25,953 ரூபாய்.

இனி ‘ஒரு வட்டி’ வாய்க்கணக்குக்கு வருவோம். மாதம் 2,000 வீதம் 24 மாதத்துக்கு வட்டி 48,000; அதை அசலோடு கூட்டி 24-ஆல் வகுத்தால் தவணை 10,333.33. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 2 லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். வங்கி போடும் கணக்கிலோ மீதியுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி.

பி6-இல் 10333.33 என்று அடித்து, பி7-இல் (ரேட் என்பது RATE, தவணையிலிருந்து வட்டி விகிதத்தைக் கண்டுபிடிக்கும் கட்டளை):

=ரேட்(பி3, -பி6, பி1)*12

கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள். 12 அல்ல, ஏறத்தாழ 21.6 சதவீதம்! இங்கே கழித்தல் குறி தவணைக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் பிழைச் செய்திதான் வரும்.

ஆவணச் செலவு என்று 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுத்தார்களா? பி7 சூத்திரத்தின் கடைசியில் பி1 என்பதை பி1-3000 என்று மாற்றிப் பாருங்கள். சதவீதம் இன்னும் ஏறும்.