வைக்கோல் தண்ணீர் பார்க்கும் முன் பாகு காய்ச்சுங்கள்

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியைக் காட்டாத வருடமே கிடையாது. பிள்ளைகள் நுண்ணோக்கியில் குனிவார்கள், "ஐ, ஓடுது!" என்பார்கள், அடுத்த ஆள் வந்துவிடுவான். அது ஓடுவதில் என்ன விசேஷம் என்று பார்க்கக் கண்ணுக்கு முதலில் கொஞ்சம் பழக்கம் வேண்டும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பேத்திக்கு நான் செய்து காட்டிய வரிசையையே இங்கே சொல்கிறேன்.

முதலில் பாரமீசியம் வளர்க்கும் ஊறல். ஒரு பிடி வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நன்றாக ஆறியதும் அகல வாய் பாட்டிலில் ஊற்றி, அரை டம்ளர் கண்மாய்த் தண்ணீர் சேருங்கள். நான் மாடக்குளம் கண்மாயில் பாசி பிடித்த கல் ஓரமாக மொள்ளுவேன். பாட்டிலில் சோப்பு வாடையே இருக்கக் கூடாது. ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டிலை நம்பி, ஒரு வகுப்புக்கே வெறும் தண்ணீரைக் காட்டியிருக்கிறேன். வாயில் மெல்லிய துணி கட்டி, நேர் வெயில் படாமல் ஐந்து முதல் ஏழு நாள் வையுங்கள். நாறும். நாறினால்தான் சரி.

அந்த இடைவெளியில் பாகு. இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கெட்டியாகும்வரை காய்ச்சி ஆற விடுங்கள். எறும்புக்குப் பயந்தால் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கலாம், செலவுதான் கூட. அகலமான கண்ணாடி டம்ளரின் நடுவில் ஒரு குறுகிய பாட்டிலை நிறுத்துங்கள். அதில் மணல் நிரப்பாவிட்டால் மிதக்கும். சுற்றிலும் உள்ள இடைவெளியில் பாகை ஊற்றுங்கள். கேசரி பவுடரை அதே பாகில் கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஒரு சொட்டு உள்ளே வையுங்கள். தண்ணீரில் கரைத்த நிறம் மேலே மிதந்து போய்விடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் போனது.

இப்போது நடுப் பாட்டிலை மெதுவாக வலப்பக்கம் மூன்று சுற்று. நிறம் இழுபட்டு, கலந்தே போனது போலத் தெரியும். அதே மூன்று சுற்றை இடப்பக்கம் திருப்புங்கள். சொட்டு திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கும்! பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் செய்து காட்டிய சோதனை இது. பேத்தி நாலு தடவை செய்யச் சொன்னாள்.

திரவம் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மையைப் பாடப்புத்தகத்தில் பாகுநிலை என்று படித்திருப்பீர்கள். சொல்லுக்குள்ளேயே பாகு இருக்கிறது. பாரமீசியத்தின் அளவுக்குச் சுருங்கினால் நமக்கும் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். போன வழியே திரும்பினால் மிச்சம் எதுவும் இல்லை. சாண் ஏறினால் முழம் கூட அல்ல, சரியாக ஒரு சாண் சறுக்கும். எட்வர்டு பர்செல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1977இல் இதைச் சிப்பியை வைத்து விளக்கினார்: திறந்து மூடுவது மட்டுமே தெரிந்த சிப்பி, அந்த உலகத்தில் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பாரமீசியத்தின் உடலெங்கும் முடி போல இருக்கும் குறு இழை தள்ளும்போது விறைப்பாகவும், திரும்பும்போது வளைந்தும் வருகிறது. பாக்டீரியா வால் போன்ற தன் கசையிழையைத் திருகாணி போலச் சுழற்றுகிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் தந்திரம்.

ஊறல் தயாரானதும், மேலே படிந்த ஆடைக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு சொட்டு எடுங்கள். தீனியான பாக்டீரியாவும் ஆக்சிஜனும் அங்கேதான் அதிகம். கண்ணாடித் தகட்டில் இரண்டு மூன்று பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் சொட்டை வைத்து மூடுங்கள். வேலி மாதிரி நிற்கும். 40 மடங்கில் தேடுங்கள், 100 மடங்கில் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் உருவம் தெரியும்.

பாரமீசியம் பஞ்சில் முட்டும் இடத்தில் கண்ணை வையுங்கள். வண்டியூர்த் தெப்பத்தில் வடம் இழுப்பவர்கள் கையை விட்டாலும் தெப்பம் கொஞ்ச தூரம் வந்துகொண்டிருக்கும். இங்கே அந்தச் சறுக்கலே கிடையாது. நிற்கும், பின்வாங்கும், திரும்பும். "தாத்தா, பிரேக் போட்ட மாதிரி நிக்குது." "ஆமாத்தா, அது பாகுக்குள்ள ஓடுது." நீந்துவதை நிறுத்திய பாக்டீரியா ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும் என்பது பர்செல் போட்ட கணக்கு.

இன்னொன்றும் கேட்டாள்: இதுக்கு மூக்கு எங்கே? தேவையில்லை, உடல் அவ்வளவு சின்னது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் தானாகப் பரவ நிமிடக்கணக்கில் ஆகும். அதில் நூறில் ஒரு பங்கு தூரத்தை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. நமக்கு நுரையீரலும் இதயமும் வேண்டியிருப்பது அதனால்தான்.

முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சத் தண்ணீரை நான் மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பாகு டம்ளரைக் கழுவுவது யார் என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.