புராஜெக்ட்டுக்குப் பேண்ட் கேப் அளக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காரைக்குடிப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜிங்க் ஆக்சைடு நானோத் துகளைத் தொடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொடி செய்வது பெரிய விஷயமே இல்லை. ஜிங்க் அசிடேட், சோடியம் ஹைட்ராக்சைடு, கழுவி உலர்த்தி 400 டிகிரியில் சுட்டால் வெள்ளையாக வந்துவிடும். அதன் பேண்ட் கேப்பை (எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டு மேலே தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) அளக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் மெஷின் எப்படியும் ஒரு நம்பர் தரும், அது உங்கள் துகளுடையதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எந்த அலைநீள ஒளியைப் பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யூவி-விசிபிள் லேபில் குவார்ட்ஸ் குவெட்தான் (கரைசல் ஊற்றி வைக்கும் சின்னக் குப்பி) கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி சுமார் 320 நானோமீட்டருக்குக் கீழே தானே ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். பொடியை எத்தனாலில் போட்டு, சோனிகேட்டரில் (ஒலியலையால் துகள்களைப் பிரித்துவிடும் கருவி) வைத்து, உடனே அளங்கள். சித்திரை வெயிலில் மூடாமல் வைத்தால் எத்தனால் பறந்து செறிவு மாறிவிடும். தண்ணீரில்தான் கலக்கப் போகிறீர்கள் என்றால் காய்ச்சி வடித்ததை எடுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் இதற்கு ஆகாது, கரைந்திருக்கும் உப்பு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

இப்போது உறிஞ்சல் வரைபடத்தில் 400 முதல் 800 நானோமீட்டர் வரை கோட்டைப் பாருங்கள். அங்கே ஜிங்க் ஆக்சைடு எதையும் பெரிதாக உறிஞ்சாது, கோடு பூஜ்ஜியத்தை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். சரிவாக ஏறினால் அது ஒளிச்சிதறல். கரைசல் பால்போலக் கலங்கியிருந்தால் பேசாமல் பொடியையே பரவல் எதிரொளிப்பு முறையில் அளங்கள்: பேரியம் சல்பேட்டை ஒப்பீட்டுக்கு வைத்து, குபெல்கா-மங்க் சமன்பாட்டில் (1−R)²/2R போட்டு (R என்பது எதிரொளிப்பு), அதை உறிஞ்சல் குணகமான α-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 320-க்கும் 360-க்கும் நடுவே கோட்டில் சின்னப் படி தெரிந்தால் அது உறிஞ்சல் விளிம்பு (பொருள் ஒளியை உறிஞ்சத் தொடங்கும் இடம்) இல்லை, கருவி டியூட்டீரியம் விளக்கிலிருந்து டங்ஸ்டனுக்கு மாறும் இடமாக இருக்கலாம்.

அடுத்தது டாக் வரைபடம்: ஒளியின் ஆற்றலுக்கு (hν) எதிரே αhν-ஐ அடுக்கேற்றி வரைந்து, நேர்கோட்டுப் பகுதியை ஆற்றல் அச்சு வரை நீட்டிப் பேண்ட் கேப்பைப் படிப்பது. இதற்கு ஆற்றல் (eV) = 1240/அலைநீளம் (நானோமீட்டர்). ஜிங்க் ஆக்சைடு நேரடி வகை (எலக்ட்ரான் ஒளியை மட்டும் உறிஞ்சியே தாவும்), அதனால் (αhν)². அனடேஸ் டைட்டானியம் டை ஆக்சைடு மறைமுக வகை (தாவ அணிக்கோவை அதிர்வின் உதவியும் வேண்டும்), அதற்கு அடுக்கு ½. எந்த அடுக்கு நல்ல நம்பர் தருகிறதோ அதைப் போடுவது ஆராய்ச்சி இல்லை, ஜோசியம். நேர்கோட்டுக்கு எந்தப் புள்ளிகளை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை ஆடும், எனவே 3.2471 என்றெல்லாம் எழுதாதீர்கள், 3.2 போதும்.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் அளவீடு) 25 நானோமீட்டர் வந்த துகளுக்கு "குவாண்டம் அடைப்பால் நீல நகர்வு" (துகள் மிகச் சிறிதானதால் பேண்ட் கேப் கூடியது) என்று எழுதும் பழக்கத்தை யாராவது நிறுத்தினால் நல்லது. ஜிங்க் ஆக்சைடில் எக்ஸிட்டானின் (எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் சேர்ந்த ஜோடி) போர் ஆரம், அதாவது அந்த ஜோடியின் அளவு, ஏறக்குறைய 2.3 நானோமீட்டர்தான், துகள் அந்த அளவை நெருங்கினால்தான் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் குவாண்டம் புள்ளிகளுக்காக 2023-இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள் என்பதற்காக நம் பொடியெல்லாம் குவாண்டம் புள்ளி ஆகிவிடாது.

கடைசியாக ஒளிர்வு அளவீடு, அதாவது ஒளியால் தூண்டிப் பொடி திருப்பி உமிழும் ஒளியை அளப்பது. 380 நானோமீட்டர் பக்கம் விளிம்பு உமிழ்வும், பச்சையில் குறைபாடுகளால் வரும் அகலமான பட்டையும் எதிர்பார்க்கலாம். 325-இல் தூண்டும்போது 650-இல் கூர்மையாக ஒன்று நின்றால் சந்தோஷப்பட வேண்டாம்: தூண்டலை 330-க்கு மாற்றுங்கள், உச்சியும் 660-க்கு நகர்ந்தால் அது சிதறிய விளக்கொளியின் இரண்டாம் வரிசை (கருவியின் கிரேட்டிங் அதே ஒளியை இரட்டிப்பு அலைநீளத்திலும் காட்டுவது), ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.