நாக்கின் மேல் விழும் பழி: சுவை, வாசனை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சளி பிடித்தால் "வாய்க்கு ருசியே தெரியவில்லை" என்கிறோம். அந்த நேரத்தில் நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தால் இனிக்கும், உப்பு வைத்தால் கரிக்கும். நாக்கு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அடைபட்டது மூக்கு. மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுதான்: மூக்கின் வேலையை நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழ மணமுள்ள மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுச் சுவையுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டுமே தெரியும், என்ன பழம் என்று சொல்ல முடியாது. பத்து விநாடி கழித்து, வாயை மூடியபடியே விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். பழம் சட்டென்று தெரிந்துவிடும். பலர் விரலை எடுத்ததும் மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் கூரையை அடைவது மூச்சு வெளியேறும்போதுதான்.

மூக்கில் உணர்ந்ததை வாயில் இருப்பதாக ஏன் நினைக்கிறோம்? நாக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் கிளம்பும் சுவைச் செய்தி 7, 9, 10ஆம் மூளை நரம்புகள் வழியாக மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து மூளையின் நடுவே செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸுக்கும், பிறகு இன்சுலா என்ற உட்புறப் புறணிக்கும் (மூளையின் மேலடுக்குப் பகுதி) போகிறது. வாசனைக்கு வேறு வழி. மூக்கின் கூரையில் உள்ள நரம்புச் செல்களின் இழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகளைக் கடந்து, வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான மோப்பக் குமிழை அடைகின்றன. அங்கிருந்து செய்தி தலாமஸில் நிற்காமலே மோப்பப் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் செல்கிறது. நினைவைச் சேமிக்கும் பகுதியும் ஒட்டியே இருக்கிறது. பழைய வாசனை ஒன்று எதிர்பாராமல் பட்டதும் பெயர் நினைவுக்கு வருமுன்பே மனம் கலங்குவது இந்தக் குறுக்குவழியால்தான். சுவை, வாசனை, சூடு, மென்மை என்று எல்லாச் செய்திகளும் கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதியில் சந்திக்கின்றன. நாக்கில் தொடு உணர்வு இருப்பதால், மொத்த அனுபவத்தையும் மூளை வாயிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

நாக்கு வரைபடத்தை நம்புவது

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்பகுதியில் கசப்பு என்ற படம் இன்னும் பாடப்புத்தகங்களில் தென்படுகிறது. 1901இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹேனிக் அளந்தது உணர்திறனில் இடத்துக்கு இடம் இருந்த சிறு வேறுபாட்டைத்தான். 1942இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் அதை வரைந்து காட்டிய விதம், அந்தந்த இடத்தில் அந்தந்தச் சுவை மட்டுமே தெரியும் என்று படிப்பவர்களை எண்ண வைத்தது. 1974இல் ஆய்வாளர் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்தபோது, வேறுபாடு மிகச் சிறியது என்று உறுதியானது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கண்டறிந்த உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றின் சுவை) ஆகிய ஐந்தும் சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் தெரியும்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. நாக்கின் முன்பகுதிச் சுவையைக் கொண்டுபோகும் நரம்புக்கிளை செவிப்பறையை ஒட்டியே, நடுக்காது வழியாகச் செல்கிறது. காது அறுவை சிகிச்சையில் ஒரு பக்கத்துக் கிளை பாதிக்கப்பட்டாலும் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மீதமுள்ள நரம்புகள் ஈடுகட்டிவிடுகின்றன. அதனால், காது அறுவைக்குப் பிறகு வாயில் உலோகச் சுவை தெரிந்தால் பல்லையும் வயிற்றையும் மட்டும் சந்தேகிக்காமல், அந்த அறுவை பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணாடியில் பார்த்து நாக்கின் சிறு புடைப்புகளைச் சுவை மொட்டுகள் என்று எண்ணுவதும் தவறுதான். மொட்டுகள் அந்தப் புடைப்புகளுக்குள் இருக்கின்றன, வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

தைலத்தை முகர்ந்து மூக்கைச் சோதிப்பது

இதை மிக மோசமான தவறு என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இது பொய்யான நிம்மதியைத் தருகிறது. தமிழில் காரமும் துவர்ப்பும் சுவைகள். ஆனால் மூளைக்கு அவை வேறு வழியாக வருகின்றன. மிளகாயின் காரம், சூட்டையும் வலியையும் உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை (நரம்புச் செல்லில் தூண்டலை வாங்கும் புரதம்) தூண்டி, முக்கிளை நரம்பு எனப்படும் 5ஆம் மூளை நரம்பு வழியாகப் போகிறது. துவர்ப்போ, உமிழ்நீர்ப் புரதங்கள் திரண்டு வாய் வறண்டு உரசும் உணர்வு. மென்தால், கற்பூரம், அம்மோனியா ஆகியவற்றின் குளிர்ச்சியும் எரிச்சலும் அதே 5ஆம் நரம்பின் வேலை. வாசனை முழுவதும் போனவருக்கும் தைலம் 'சுள்'ளென்று ஏறும்.

சரியான சோதனைக்கு எரிச்சலூட்டாத மணம் வேண்டும்: வெனிலா, ரோஜா, காபித்தூள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் பொருளை மூக்கிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கட்டும். ஒரு துளையை அடைத்து மறு துளையால் முகருங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் ஒரு பக்க இழப்பு மறைந்துவிடும். நடுநடுவே வெறும் டப்பாவையும் நீட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் ஊகித்துச் சொல்வது பிடிபடும்.

பெயர் சொல்ல முடியவில்லை என்பதை மட்டும் வைத்து மூக்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மணம் நன்றாகத் தெரிந்தும் பெயர் நாக்கு நுனியில் நின்றுபோவது எல்லோருக்கும் நடக்கும். நான்கு பெயர்களைச் சொல்லி, அவற்றில் எது என்று கேட்பதே நியாயம்.

வாசனை மங்கினால், போய்விட்டது என்று நினைப்பது

ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால், சில நிமிடங்களுக்குள் மூக்கும் மூளையும் அதற்குப் பழகி அதை ஒதுக்கிவிடுகின்றன. வாசனைத் திரவியம் பூசியவர் மேலும் மேலும் பூசுவது இதனால்தான். எரிவாயுக் கசிவில் மூக்கு இப்படிப் பழகிப்போவது உயிருக்கே ஆபத்து. "இப்போது நாற்றம் இல்லை, சரியாகிவிட்டது" என்று அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வால்வை மூடி, சன்னலைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். உள்ளேயே நின்று முகர்ந்து முடிவெடுக்காதீர்கள்.

வாசனை இழப்புக்குக் கைவைத்தியம்

மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தாலேயே அடைப்பு திரும்பி வரும். துத்தநாகம் கலந்த ஜெல்லை மூக்குக்குள் விடவே கூடாது. அப்படிப்பட்ட சளி மருந்துகளால் வாசனை நிரந்தரமாகப் போகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. மருத்துவர் தந்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடித்தால் இரத்தம் கசியும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையால், வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். உடனே உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

வைரஸ் தொற்றுக்குப் பிறகு வாசனை திரும்பாதவர்களுக்கு மோப்பப் பயிற்சி உதவக்கூடும். 2009இல் ஜெர்மனியில் ஹம்மல் குழு வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும், ஒவ்வொன்றும் சுமார் 10 விநாடி, குறைந்தது 12 வாரம். எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மூடியுள்ள சிறு குப்பியில் வையுங்கள், தோலில் தடவ வேண்டாம். ஆழமாக இழுக்காமல் சிறுசிறு மூச்சாக முகருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சற்று இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். மோப்ப நரம்புச் செல்கள் புதிதாக முளைத்து, சல்லடை எலும்பைத் தாண்டி, சுமார் 400 வகை ஏற்பிகளில் தம் வகைக்கு உரிய இடத்தைக் குமிழில் தேடிச் சேர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். யூகலிப்டஸின் குளிர்ச்சி தெரிவதை முன்னேற்றமாகக் கணக்கிடாதீர்கள், அது 5ஆம் நரம்பு.

இடையில் காபியும் வதக்கிய வெங்காயமும் திடீரென்று அழுகல் நாற்றம் வீசலாம். நோய் முற்றிவிட்டதென்று பயந்து பயிற்சியை நிறுத்த வேண்டாம். திரும்ப முளைக்கும் நரம்புகள் இன்னும் ஒழுங்காக இணையாத காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. உணவை ஆறவைத்துச் சாப்பிட்டால் ஆவி குறைந்து தொல்லையும் குறையும்.

சில மாத்திரைகளாலும் வாயில் கசப்போ உலோகச் சுவையோ வரும், மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஓர் உதாரணம். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, இல்லாத நாற்றம் சில விநாடி வந்து கூடவே நினைவு தப்பினாலோ, ஒரு துளையில் மட்டும் வாசனை இல்லாவிட்டாலோ, பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

வாசனை இழந்தவர் வீட்டில் எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் வேண்டும். கெட்டுப்போனதை முகர்ந்து அறிய முடியாது, எனவே சமைத்த உணவின் டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். சாப்பாடு சப்பென்று இருப்பதை உப்பாலும் சர்க்கரையாலும் சரிக்கட்டாதீர்கள். போனது நாக்கு அல்ல என்பதால் அது ஒருபோதும் ஈடாகாது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் ஏறும். மொறுமொறுப்பு, சூடு, புளிப்பு, அளவான காரம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். அவற்றைக் கொண்டுபோகும் நரம்புகள் நலமாகத்தான் இருக்கின்றன.