அப்பா வைத்துப்போன மஞ்சப்பை: உயில் எழுதவும், ஒருவர் போனபின் சொத்துக் காரியங்களை முடிக்கவும் படிப்படியாக

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா பீரோவைத் திறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். "இதுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்லுவாரு" என்றார். சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டின் கிரயப் பத்திரம், ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தின் பத்திரம், மூன்று பாஸ்புக், ஒரு எல்ஐசி பாண்டு, நகை அடகு ரசீது, கொலுசுப் பட்டறையின் கணக்கு நோட்டு. உயில் இல்லை.

அந்தப் பையில் இருந்ததை முடித்து வெளியே வர எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு காகிதத்திலும் அப்பா பெயர் ஒவ்வொரு மாதிரி இருந்ததும், யார் யாருக்குப் பங்கு என்பது எங்களுக்கே சரியாகத் தெரியாததும்தான் நாளை இழுத்தன. இரண்டையும் அப்பா உயிரோடு இருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்திருக்கலாம். அதனால் முதலில் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஒருவரை இழந்துவிட்டு இதைப் படிப்பவர்கள் நேராக இரண்டாம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

பகுதி ஒன்று: உயிரோடு இருக்கும்போது

படி 1: ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்

நிலம், வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு, பி.எஃப்., சீட்டு, நகை, வண்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்திர எண், ஆண்டு, பட்டா எண், சர்வே எண், எந்தக் கிளை என்பதும் வேண்டும். யாரிடம் என்ன கடன், யார் நமக்குத் தர வேண்டும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கொலுசுத் தொழிலில் இருக்கும் சேலத்துக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். பட்டறையில் கிடக்கும் வெள்ளியில் பாதி வியாபாரிகள் கூலிக்குக் கொடுத்ததாக இருக்கும். அது நம் சொத்து ஆகாது. அப்பா இறந்த மூன்றாம் நாளே இரண்டு பேர் வந்து வெள்ளி கேட்டார்கள். அப்பாவின் நோட்டில் தேதி, வாங்கிய எடை, கொடுத்த எடை, சேதாரம் என்று நான்கு பத்தி பென்சிலில் போட்டு எழுதியிருந்தார். அந்த நோட்டைப் பிரித்து வைத்துப் பேசினோம், அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால், துக்க வீட்டில் சண்டை வந்திருக்கும்.

படி 2: பெயரை ஒன்றாக்குங்கள்

ஆதார், பான், பத்திரம், பட்டா, பாஸ்புக் ஐந்தையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பெயரைப் படியுங்கள். இனிஷியல் முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா, தகப்பனார் பெயர் முழுதாக இருக்கிறதா, பட்டாவில் இன்னும் தாத்தா பெயரே ஓடுகிறதா என்று பாருங்கள். பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்துப் போட்டுத் திருத்திவிடலாம். போன பிறகு, "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்று ஒவ்வொரு இடத்திலும் பிரமாணப் பத்திரம் கொடுத்துக்கொண்டு அலைய வேண்டும். எங்களுக்கு ஐந்து இடத்தில் கேட்டார்கள்.

படி 3: நாமினி போடுங்கள், ஆனால் நாமினி யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

வங்கிக் கணக்குக்கும் வைப்புத்தொகைக்கும் 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினி வரை போடலாம். ஆனால் பொதுவாக நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். அவர் வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காப்பீட்டுப் பணம் பற்றி 1984-லேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே என்று ஆக்கினார்கள். கம்பெனிப் பங்குகளுக்கும் வங்கிப் பணத்துக்கும் இந்த விதிவிலக்கு கிடையாது.

படி 4: உயில் எழுதுங்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில், தமிழில், கையால் எழுதினாலே செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. இருந்தாலும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். தொலைந்தால் நகல் கிடைக்கும், கையெழுத்து அவருடையது இல்லை என்று சொல்வதும் கடினம்.

எழுதும் வரிசை இது. பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம். முழுச் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன் என்பது. இதற்கு முன் எழுதிய உயில்கள் ரத்து என்பது. பிறகு சொத்து விவரம்: கிராமம், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, பத்திர எண். எது யாருக்கு. அவர் எனக்கு முன்பே இறந்துவிட்டால் யாருக்கு (இந்த வரியைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்). மீதி இருக்கும் எல்லாம் யாருக்கு. உயிலை நிறைவேற்றுபவர் யார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் போட வேண்டும். சொத்து வாங்கப் போகிறவரையோ அவர் மனைவியையோ கணவரையோ சாட்சியாக்க வேண்டாம். உயில் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும், உயில் பதிவானதாக இருந்தாலும் கூட. அதனால் உங்களைவிட வயது குறைந்தவர்களாக, ஊரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். எழுதுபவர் எழுபதைத் தாண்டியவர் என்றால், அன்றே குடும்ப மருத்துவரிடம் மனத்தெளிவோடு இருக்கிறார் என்று ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள்.

ஒன்று கவனம். நீங்கள் சம்பாதித்து வாங்கியதை யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலே கிடையாது. நானும் கட்டிக்கொடுக்கப்பட்டவள்தான்.

படி 5: உயிலா, செட்டில்மென்டா?

பத்திர ஆபீஸ் வாசலில், "இப்பவே பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க, பின்னாடி தொந்தரவு இல்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. செலவு குறைவு என்பது உண்மை.

ஆனால் உயிலை நீங்கள் கண்மூடும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் அன்றே சொத்து கைமாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. குடியிருக்கும் வீட்டை மட்டும் உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி சேருங்கள்: என் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு, வாங்குபவர் என்னைப் பராமரிக்க வேண்டும். இந்த இரண்டாவது வரி இருந்தால், பராமரிக்காதபோது 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பகுதி இரண்டு: ஒருவர் போன பிறகு

படி 1: இறப்புச் சான்றிதழ்

21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சி. கிராமத்தில், வீட்டில் நடந்த இறப்பு என்றால் கிராம நிர்வாக அலுவலர். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பத்து நகலாவது வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே ஒரு வேண்டுகோள். இறந்தவரின் ஏடிஎம் கார்டைக் காரியச் செலவுக்கு என்றுகூடத் தொடாதீர்கள். பின்னால் வாரிசுகளுக்குள் அதுவே முதல் சந்தேகமாக முளைக்கும்.

படி 2: வாரிசு சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் கொடுப்பார். இறந்தவர் எங்கே குடியிருந்தாரோ அந்த வட்டத்தில் கேட்க வேண்டும். நிலம் ஏற்காட்டில் இருந்தாலும் எங்களுக்குச் சான்றிதழ் சேலத்தில்தான்.

நாங்கள் சறுக்கியது இங்கேதான். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. அவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கு அவருடைய குடும்பத்துக்குப் போகும். எங்கள் அப்பாயிக்கு அப்போது 88 வயது, மகனைப் பறிகொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் அவர் பெயரை எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞர்தான், "அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து.

எங்கள் கணக்கு இப்படி வந்தது: அம்மா, அண்ணன், நான், அப்பாயி, முன்பே இறந்துவிட்ட தம்பியின் குடும்பம் என ஐந்து சம பங்கு. தம்பியின் பங்கில் பாதி அவன் மனைவிக்கு, பாதி ஒன்பது வயது மகனுக்கு. மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பெண் இறந்தால் வரிசை வேறு: முதலில் பிள்ளைகளும் கணவரும். கிறிஸ்தவக் குடும்பங்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியருக்கு ஷரீஅத்படி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் அதன் 2-ம் பிரிவே பழங்குடியினரை விலக்கி வைக்கிறது. அதற்காகப் பெண்களுக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பழங்குடிப் பெண்களை வாரிசுரிமையிலிருந்து ஒதுக்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

படி 3: வங்கி, காப்பீடு

நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் போதும். இல்லையென்றால் வாரிசு சான்றிதழ், உறுதிமொழி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். தகராறு வந்தாலோ தொகை பெரிதாக இருந்தாலோ சக்ஸஷன் சர்டிபிகேட் (இறந்தவரின் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை தந்து நீதிமன்றம் கொடுக்கும் சான்று) வாங்கச் சொல்லலாம். வாரிசு சான்றிதழ் வேறு, அது வேறு. எல்லாக் காகிதமும் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, 55 வயதுக்குள் எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். தம்பி போனபோது அந்த 436 ரூபாய் வரியைப் பார்த்துத்தான் அவன் மனைவிக்குப் பணம் வாங்கிக் கொடுத்தோம். அவன் அதை வீட்டில் சொல்லியிருக்கவே இல்லை. பி.எஃப். இருந்த வேலை என்றால் 7 லட்சம் வரை காப்பீடு தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். மறந்துபோன பழைய கணக்குகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

கடன்காரர்கள் வந்தால் பயப்பட வேண்டாம். இறந்தவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு.

படி 4: நிலமும் வீடும்

முதலில் இணையத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரம், அடமானங்களைக் காட்டுவது) பாருங்கள். பிறகு வாரிசு சான்றிதழை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். இது நிலம் இருக்கும் வட்டத்தில். இதற்குத்தான் நாங்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகம் போனோம். அதன் பிறகு பிரிப்பதா, ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதா என்று பேசலாம். பிரித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். இரண்டையும் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிக்கொள்வது பட்டாவுக்கும் உதவாது, வங்கிக் கடனுக்கும் உதவாது.

வீட்டு வரி, மின் இணைப்பு, எரிவாயு, வண்டி, ரேஷன் கார்டு எல்லாம் சான்றிதழ்கள் கையில் இருந்தால் ஓரிரு வாரத்தில் முடிகிற வேலை. இறந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கை, கட்ட வேண்டியவராக இருந்தால், வாரிசு தாக்கல் செய்ய வேண்டும். சொத்து வந்ததற்கு என்று வரி கிடையாது, எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

படி 5: கையெழுத்து வாங்கும் முன் பேசுங்கள்

அப்பாயி தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாக முடிவானது. பத்திர ஆபீஸில் அவருடைய கட்டைவிரல் ரேகை கருவியில் விழவில்லை. ஐம்பது வருடம் மிளகும் காப்பிப் பழமும் பறித்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்து இரண்டாம் முறை வைத்தபோது, என் பக்கம் திரும்பி, "இதை வச்சப்புறம் எனக்குச் சோறு யாரு போடுவா கண்ணு?" என்று கேட்டார். அண்ணன் உடனே எழுந்து, "இன்னிக்கு வேண்டாங்க" என்று சொல்லிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் மாற்றி எழுதினோம். அப்பாயியை ஆயுள் உள்ளவரை அம்மா வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி. பதிவாளர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்பாயி "இன்னொரு தடவ படிங்க" என்றார். மறுபடியும் படித்தார். அதற்குப் பிறகுதான் விரலை நீட்டினார், மூன்றாவது முறையில் ரேகை விழுந்தது.