கோபக்காரப் பிள்ளையின் இதயத்துக்கு: முதலில் நாடி, அப்புறம் மூச்சு, கடைசியில் பேச்சு

கோபம் வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். எப்போதாவது என்றால் உடம்பு தாங்கும். தினமும் நடந்தால் ரத்தக் குழாய்களுக்குக் கேடு. ஈரோட்டில் எங்கள் பத்தாவது படிக்கும் மகனுக்குப் பலன் தந்த முறை இது.

1. நாடி பாருங்கள்

காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் இரு விரல் வைத்து 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. ஸ்மார்ட் வாட்ச்சைவிட எனக்குச் சுவர்க் கடிகாரம்தான் பிடிக்கும். தானே எண்ணினால்தான் பிள்ளைக்குத் தன் உடம்பு பிடிபடும். பிரஷர் கருவி வாங்குவதானால் மேல்கையில் சுற்றுவதையே வாங்குங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும்.

2. மூச்சு

எங்கள் பையன் தடுமாறியது இங்கேதான். "மூச்சை நல்லா இழுத்து விடு கண்ணு" என்றதும் வேகவேகமாக இழுத்தான்; தலை சுற்றியது. அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். உண்மையில் பலன் இருப்பது மூச்சை விடுவதில். அப்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. அதனால் மூக்கால் 4 எண்ணும்வரை மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விட வேண்டும். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தோள் ஏறக் கூடாது, வயிறுதான் அசைய வேண்டும். தினமும் ராத்திரி ஐந்து நிமிடம், மனசு அமைதியாக இருக்கும்போதே பழக்குங்கள். சண்டைக்கு நடுவே புதிதாகக் கற்றுத்தர முடியாது.

3. நடை, தூக்கம்

தினமும் ஒரு மணி நேரம் ஓட்டமோ ஆட்டமோ வேண்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. டியூஷனுக்காக அதைக் குறைப்பது எனக்குச் சம்மதமில்லை. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள காஃபின் துடிப்பை ஏற்றும்.

4. பேச்சு

நாடி இறங்கிய பிறகே "என்னாச்சு சாமி?" என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: "மூச்சு விடு என்றாலே மகள் இன்னும் கத்துகிறாளுங்க" என்று கோபியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். அவளிடம் சொல்லாதீர்கள், பேச்சை நிறுத்திவிட்டு நீங்கள் செய்யுங்கள். இன்னொருவர் நெஞ்சு வலி பற்றிக் கேட்டார். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சுமைக்கு டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416 இருக்கிறது. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.