போர்க்கால விமானித் தோல் ஜாக்கெட்டைச் சொல்லித் தைப்பது எப்படி

தமிழ்நாட்டில் ஒருவர் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னால் அது பெரும்பாலும் புடவைக்கான ரவிக்கையாகத்தான் இருக்கும். அந்த ஜாக்கெட்டுக்கு நம் வீட்டுப் பெண்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு: உடம்பை அளக்கச் சொல்வதற்குப் பதிலாக, நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றை ‘அளவு ஜாக்கெட்’ என்று டெய்லரிடம் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஜப்பானிலோ உள்ள ஒரு சிறு பட்டறைக்கு எழுதி, இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளின் தோல் ஜாக்கெட்டை அச்சு அசலாகத் தைத்து வாங்க விரும்புகிறவர் மனத்தில் கொள்ளவேண்டிய முதல் பாடமும் இதுவே. இந்த ஜாக்கெட்டுகளில் பணத்தைப் போட்டுவிட்டு வருந்துகிறவர்களில் பலர், தோலின் தரத்துக்காக வருந்துவதில்லை; அளவுக்காகவே வருந்துகிறார்கள்.

எதைத் தைக்கச் சொல்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். பெரும்பாலானோர் கேட்பது அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931 மே மாதம் ஏற்றுக்கொண்ட ஏ-2 வகையை. அதற்கு முன்பு 1927 முதல் வழக்கில் இருந்த ஏ-1 வகையில் முன்பக்கம் பித்தான்களும் கழுத்தில் பின்னல் பட்டையும் இருந்தன; ஏ-2வில் அவற்றின் இடத்தை ஜிப்பும் தோல் காலரும் பிடித்தன. அரசின் வரைபட எண் 30-1415 எல்லோருக்கும் பொதுவானதுதான் என்றாலும், ஒப்பந்தம் எடுத்த ஒவ்வொரு தொழிற்சாலையும், தோலை எந்த வடிவில் வெட்டுவது என்று காட்டும் வெட்டு அட்டையைத் தனக்கென்று வைத்திருந்தது. நியூயார்க் மாநிலத்து பீக்கனில் இருந்த ஏரோ லெதர், நியூபர்க்கில் இருந்த பெரி ஸ்போர்ட்ஸ்வேர், பென்சில்வேனியாவின் ரஃப் வேர், சிகாகோவின் டூபோ ஆகிய நான்கின் ஜாக்கெட்டுகளையும் அருகருகே விரித்துப் பார்த்தால், காலரின் நுனி, பாக்கெட் மூடியின் வளைவு, தோளின் அகலம், கழுத்தடியில் காலரைத் தாங்கும் தனிப்பட்டை உண்டா இல்லையா என்பன எல்லாம் வேறுபடுவது தெரியும். ஆகவே ‘ஏ-2 வேண்டும்’ என்று மட்டும் எழுதுவது, ஆம்பூரா திண்டுக்கல்லா என்று சொல்லாமல் பிரியாணி கேட்பதைப் போன்றது. (இரண்டும் தோல் பதனிடும் ஊர்கள் என்பது தற்செயல்.) ‘ரஃப் வேர், ஒப்பந்த எண் 42-1401-P’ என்பதுபோல ஒரே ஒரு ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு எழுதினால், கைதேர்ந்த தையற்காரர் மேற்கொண்டு அதிகம் கேட்கமாட்டார்.

ஒரு ஒப்பந்தத்தின் காலரையும் இன்னொன்றின் பாக்கெட்டையும் சேர்த்துக் கேட்பதை நான் ஆதரிப்பதில்லை. சிறு பட்டறைகள் பழைய அசல் ஜாக்கெட்டுகளைப் பிரித்து வைத்தும் அளந்தும் வெட்டு அட்டைகளை உருவாக்குகின்றன. அந்த உழைப்புக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். கைகளை நுழைத்துக்கொள்ளப் பக்கவாட்டுப் பாக்கெட் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அசல் ஏ-2வில் அது கிடையாது. அது கட்டாயம் வேண்டும் என்பவர் வேறு ஜாக்கெட் பார்ப்பதே நல்லது.

அமெரிக்கக் கடற்படையின் எம்-422ஏ, அதன் வழிவந்த ஜி-1 ஆகியவை இன்னொரு வம்சம். ஆட்டுத்தோலும் ரோமக் காலரும் அவற்றின் அடையாளம். கையை முன்னே நீட்டும்போது விரிந்து கொடுக்கும்படி முதுகின் இருபுறமும் மடிப்பு வைத்திருப்பார்கள். ஏ-2வின் முதுகோ மடிப்பே இல்லாத ஒரே துண்டுத் தோல். மோட்டார் சைக்கிளிலோ காரிலோ நெடுநேரம் செல்பவருக்கு ஜி-1 சுகமாக இருக்கும். பிரிட்டிஷ் விமானிகளின் இர்வின், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானக் குழுவினரின் பி-3 போன்ற செம்மறித்தோல் ஜாக்கெட்டுகள், திறந்தோ வெப்பமூட்டப்படாமலோ இருந்த விமானங்களின் உறைபனிக்காக உருவானவை; அழகானவைதான், ஆனால் கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போக உகந்தவை அல்ல.

இனி அளவு. பட்டறை உங்களிடம் கேட்கும் உடம்பளவுகளைக் கொடுங்கள். அதோடு உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டின் தட்டையளவுகளையும் கட்டாயம் கொடுங்கள். ஜிப்பை முழுக்க ஏற்றி, ஜாக்கெட்டை மேஜைமேல் மல்லாக்க விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டுப் பிறகு நான்கு அளவுகளை எடுக்கவேண்டும்: அக்குள் தையலுக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மார்பகலம், திருப்பிப் போட்டு, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை தோளகலம், காலரின் அடித்தையலிலிருந்து இடுப்புப் பின்னலின் கீழ்முனை வரை முதுகு நீளம், தோள் தையலிலிருந்து மணிக்கட்டுப் பின்னலின் நுனி வரை கை நீளம். ஒவ்வொன்றையும் இருமுறை எடுத்து, அங்குலமா சென்டிமீட்டரா என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி, டேப் தெரியும்படி புகைப்படமும் எடுத்து அனுப்பினால் பிற்பாடு வாதமே வராது.

அளவு ஜாக்கெட்டும் விறைப்பான துணியாகவோ தோலாகவோ இருக்கவேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை, அலமாரியில் கையில் அகப்பட்ட ஒரு பின்னல் துணி ஜாக்கெட்டை அளந்து அனுப்பினேன். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு வரும். அது விட்டுக்கொடுத்ததையெல்லாம் என் உடம்பின் அளவு என்று நம்பிவிட்டேன். பதினான்கு மாதம் காத்திருந்து வந்த ஜாக்கெட்டில் நின்றபடி கைகளைத் தொங்கவிட்டால் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இரண்டு மணிக்கட்டும் இரண்டு விரற்கடை வெளியே வந்துவிட்டன. தைத்தவர் நான் எழுதிய எண்ணில் ஒரு நூலளவுகூடப் பிசகவில்லை. கை நீளத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: அணிய அணிய முழங்கை மடிப்புகள் நிலைபெற்று, கை அரை அங்குலம் வரை குறைந்ததுபோல் ஆகும். ஆகவே புதிதில் கை சற்று நீளமாக இருப்பதே முறை.

மார்பகலத்துக்கு எளிய கணக்கு ஒன்று போதும். உங்கள் மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்றால், தட்டையாக 22 அங்குலம் வரும் ஜாக்கெட்டின் சுற்று 44. ஆக நான்கு அங்குலத் தளர்வு கிடைக்கிறது. சட்டைமேல் அணிய அது போதுமானது. உள்ளே கம்பளிச் சட்டை போடுவதாக இருந்தால் ஆறு அங்குலம் வேண்டும். நீளத்தில்தான் இக்காலத்தவர் பலர் தடுமாறுகிறார்கள். போர்க்காலத்துக் கால்சட்டை தொப்புள் உயரத்துக்கு ஏறி நின்றது. ஜாக்கெட்டின் இடுப்புப் பின்னல் அதன் பெல்ட்மேல் உட்கார்ந்தது. இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும் இன்றைய ஜீன்ஸோடு அதே ஜாக்கெட்டை அணிந்தால் சட்டை வெளியே எட்டிப் பார்க்கும். உயரமானவர்கள் ஒரு அங்குலம் கூட்டிக் கேட்கலாம். அதற்கு மேல் கூட்டினால் பாக்கெட்டுகள் நடுவயிற்றில் மிதப்பதுபோல் தோன்றும். அக்குள் வெட்டு உயரமாக இருப்பதைப் பிடிப்பதாக எண்ணி இறக்கச் சொல்லாதீர்கள். அக்குள் உயரமாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே ஏறாமல் இருக்கும்.

அளவுக்குப் பார்க்கவென்றே ஒரு ஜாக்கெட்டைத் தபாலில் அனுப்பும் பட்டறைகள் உண்டு. இருவழித் தபால் செலவு கசந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தோலுக்கு வருவோம். அசல் ஏ-2க்கு முதன்மையானது குதிரைத் தோல். சில ஒப்பந்தங்களில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பயன்பட்டன. இன்று சிறு பட்டறைகள் ஜப்பானின் ஹிமேஜி, சிகாகோ, இத்தாலி முதலிய இடங்களிலிருந்து குதிரைத் தோலை வரவழைக்கின்றன. தடிமனை அவர்கள் அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், மூன்று அவுன்ஸ் என்றால் 1.2 மில்லிமீட்டர். தடிமன் கூடக் கூடத் தரமும் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் போர்க்கால விமானிகள் அணிந்தது தகரம்போல விறைத்த கவசமல்ல, ஓரளவு மெலிந்து உடம்போடு மடிந்த தோல்தான். மரப்பட்டைகளின் சாற்றில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருந்து, பிறகு ஆழமான மடிப்புகளும் நிறமாற்றமும் பெறும். வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை கொண்டு செய்ததும் இதே இனம்தான். குரோம் உப்பில் பதனிட்டது முதல் நாளே மென்மையாக இருக்கும், ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். எதைத் தேர்ந்தாலும், தோலின் துண்டு மாதிரியைத் தபாலில் கேட்டு வாங்கி, வெயிலில் வைத்து நிறத்தைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லவேண்டும். திரையில் தெரியும் பழுப்பை நம்பி ஏமாந்தவர்கள் பலர். செம்பழுப்பு, கரும்பழுப்பு ஆகிய இரண்டுமே வரலாற்றுக்கு ஒத்தவை. செம்பழுப்பாகப் பிறந்த பல ஜாக்கெட்டுகள் ராணுவக் கிடங்குகளில் கரும்பழுப்புச் சாயம் ஏற்றப்பட்டு மறுமுறை வழங்கப்பட்டன.

ஜிப்பைப் பொறுத்தவரை, டேலன், கான்மார், கிரவுன் ஆகிய பழைய பெயர்கள் மயக்கம் தரும். எண்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த அசல் ஜிப்பையே பொருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு. அதன் பட்டைத்துணி நைந்து, ஒருநாள் பல் தெறித்தால் ஜாக்கெட்டின் முன்பக்கத் தையலைப் பிரிக்கவேண்டிவரும் என்பதால், தினமும் அணிய நினைப்பவர் நகல் ஜிப்பே கேட்கட்டும். நூலிலும் அப்படித்தான்: பருத்தி நூல் அசலுக்கு நெருக்கமானது, பாலியஸ்டர் உள்ளிழை கொண்ட நூல் நீண்டு உழைப்பது. தையல் எவ்வளவு நெருக்கம் என்றும் கேட்டறியுங்கள். அளவுக்கு மீறி நெருக்கமாகத் தைத்த தோல், தபால்தலையின் ஓட்டை வரிசைபோல அந்தக் கோட்டிலேயே கிழியும். மணிக்கட்டிலும் இடுப்பிலும் வரும் பின்னல் கம்பளியாக இருக்கட்டும்.

முதுகில் தீட்டும் ஓவியமும் மார்பில் தைக்கும் அடையாள வில்லைகளும் வேண்டுமா என்ற கேள்வி வரும். சீனா–பர்மா–இந்தியப் போர்முனையில் இருந்த அமெரிக்கர்கள் தங்கள் வில்லைகளில் பலவற்றை இந்தியக் கைவினைஞர்களிடமே தோலை வெட்டி ஒட்டித் தைத்து வாங்கினார்கள் என்பதால் நமக்கும் அதில் ஒரு ஆசை எழுவது இயல்பு. இருந்தாலும் முதல் ஜாக்கெட்டை வெறுமையாகவே கேளுங்கள். தோலில் விழுந்த ஊசித்துளை மறையாது.

பேசி முடித்தவை அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில் திரட்டி எழுதி, அதற்கு ‘சரி’ என்ற பதிலைப் பெற்ற பிறகே முன்பணம் அனுப்பவேண்டும். ஒப்பந்தப் பெயர், தோல், நிறம், ஜிப், லைனிங், நான்கு அளவுகள், மொத்த விலை, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது, அளவு தவறினால் யார் செலவில் திருத்தம் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்தில் சற்று யோசியுங்கள். ஓரிருவர் மட்டுமே உட்கார்ந்து தைக்கும் பட்டறையில் ஓராண்டு, அதற்கு மேலும் காத்திருப்பது சாதாரணம்; தோலை வெட்டுவதற்கு முன் தகவல் சொல்லும்படி கேட்டுக்கொண்டால், அதற்குள் உங்கள் எடை மாறியிருந்தாலும் அளவைத் திருத்திக்கொள்ளலாம். இந்தியாவுக்கு வருவதாக இருந்தால் சுங்க வரியையும் கூரியர் நிறுவனத்தின் கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வது சட்ட விரோதம் மட்டுமல்ல, பொதி தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

பொதி வந்ததும் வெளியே அணிவதற்கு முன் வீட்டுக்குள் டேப்பை எடுத்து அதே நான்கு அளவுகளையும் சரிபாருங்கள். ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் தையல் முனைகளைத் தடவிப் பாருங்கள். குறை இருந்தால் ஓரிரு நாளில் புகைப்படத்தோடு எழுதிவிடவேண்டும். சென்னையில் வசிப்பவர் இதை அணிய மார்கழியிலும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும் என்பது வேறு விஷயம். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அகன்ற மர ஹேங்கரில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பூச்சி அரித்தோ தேய்ந்தோ முதலில் போவது கம்பளிப் பின்னல்தான் என்பதால், ஆர்டர் கொடுக்கும்போதே அதே சாயத்தொகுதியில் இன்னொரு ஜோடி மணிக்கட்டுப் பின்னலும் ஒரு இடுப்புப் பின்னலும் சேர்த்து அனுப்பச் சொல்லி, அவற்றை வேப்பிலையோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள்.